லொறியைக் கொடுங்கள், கணக்குக் கொப்பியைக் கொடுக்காதீர்கள்

போன மாதம் நானுஓயாவில் மரக்கறி சேர்த்து அனுப்பும் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். "அண்ணே, லொறிய வித்துட்டு வாடகை லொறியிலயே அனுப்பிறலாம்னு பாக்குறேன். எல்லாரும் அப்படித்தான் செய்யிறாங்க. சரிதானே?" என்று கேட்டார்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "ஒரு கிலோ லீக்ஸ் பேலியகொடைச் சந்தைக்குப் போய்ச் சேர உங்களுக்கு எவ்வளவு முடியுது?"

டீசல் கணக்கைச் சொன்னார். அதற்கு மேல் அவரிடம் கணக்கு இல்லை.

விநியோக வேலைகளை வெளியாருக்குக் கொடுக்க நினைக்கும் நம் பக்கத்து வியாபாரிகள் பெரும்பாலும் முதலில் சறுக்குவது இங்கேதான். வாடகை லொறிக்காரர் சொல்லும் தொகையை டீசல் செலவோடு ஒப்பிட்டு, "ஐயோ, கூட" என்று விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால், லொறி பழுதான கோபத்தில் கணக்கே பார்க்காமல் கொடுத்துவிடுகிறார்கள். சொந்த லொறியின் செலவு டீசலோடு நிற்பதில்லை. லீசிங் தவணை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், டயர், சாரதியின் சம்பளம், அதன் மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்) முதலாளி கட்டும் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எஃப்) 3 வீதம் எல்லாம் இருக்கின்றன. ரம்பொடை வளைவுகளிலும் கினிகத்தேனை இறக்கத்திலும் தேயும் பிரேக் லைனிங் வேறு. லொறி ஓடினாலும் நின்றாலும் இதில் பாதிக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும். உதாரணத்துக்கு, மாதம் இப்படி நிலையாகப் போகும் செலவு 150,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பயணம் ஓடினால் ஒரு பயணத்துக்கு 7,500 விழும். 12 பயணம்தான் கிடைக்கிறது என்றால் 12,500. மழை மாதத்தில் சரக்குக் குறைந்தால் இன்னும் ஏறும்.

பெரிய நிறுவனங்கள் லொறி, ஸ்டோர், பொதியிடல் எல்லாவற்றையும் வெளியே கொடுப்பதற்கு முதல் காரணம் இதுதான். நிலையாகப் போகும் செலவு, வேலை நடந்தால் மட்டும் போகும் செலவாக மாறிவிடுகிறது. இரண்டாவது காரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. நம் லொறி மரக்கறியோடு இறங்கி வெறுமையாக ஏறுகிறது. போக்குவரத்தையே தொழிலாகக் கொண்டவருக்குக் கீழே வாடிக்கையாளர் இருப்பதால் மாவு, சீனி, சீமெந்து என்று எதையாவது ஏற்றிக்கொண்டே மேலே வருவார். அதனால்தான் நம்மைவிடக் குறைந்த கூலிக்கு ஓட முடிகிறது. வாடகை பேசும்போது அவருக்குத் திரும்பும் சுமை உண்டா என்று கேளுங்கள். இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. வற் வரியையும் பார்க்க வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். நீங்கள் வற்றுக்குப் பதிவு செய்யாதவராக இருந்தால், பில்லில் வரும் அந்த 18 வீதம் முழுவதும் உங்கள் செலவுதான், திரும்பக் கிடைக்காது.

அடுத்த தவறு, கிலோவுக்கு இவ்வளவு என்று மட்டும் பேசி முடிப்பது. நிறைக்குக் காசு கொடுத்தால் நிறைதான் வரும். கொழுந்து வாங்கி அரைக்கும் பேக்டரிகளைப் பாருங்கள். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். கொழுந்து சேர்ப்பவருக்கு நிறை மட்டும்தான் கணக்கு என்றால் அவர் சாக்கை மிதித்து அடைப்பார், மழையில் நனைந்த கொழுந்தை அப்படியே ஏற்றுவார். சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தால் நடுவில் சுடும். அப்படிச் சூடேறிச் சிவந்த கொழுந்தை எந்த வாட்டும் தட்டில் பரப்பினாலும் நல்ல தேயிலை வராது. கரட்டும் அப்படியே. நுவரெலியாப் பக்கம் பிடுங்கவும் கழுவவும் மூட்டை கட்டவும் கூலிக் குழுக்களிடம் கொடுப்பது வழக்கம், அதில் பிழை இல்லை. மூட்டைக் கணக்கில் கூலி என்றால் நீர் வடிய விட அவர்களுக்கு ஏது நேரம்? ஈரத்தோடு கட்டிய மூட்டை கீழ்நாட்டுச் சூட்டில் ஓர் இரவில் வழுவழுத்துப் போகும்.

ஆகவே பேச்சில் நேரம் இருக்க வேண்டும், ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் நிறுப்பது இருக்க வேண்டும், எத்தனை அடுக்கு என்பது இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கூடை என்றால் வெறுங் கூடையை மேலே கொண்டு வருவது யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் வேண்டும். 2011 டிசம்பரில் மரக்கறியைக் கூடையில்தான் ஏற்ற வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டபோது எழுந்த எதிர்ப்பு பலருக்கு ஞாபகம் இருக்கும். கூடை நல்லதுதான், நசிவு குறையும். ஆனால் கூடைக்கு யார் காசு போடுவது, ஒரு லொறியில் ஏறும் சரக்குக் குறைவதை யார் தாங்குவது என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் ஒரு முறையை மாற்ற முடியாது. உங்கள் சின்ன ஒப்பந்தத்துக்கும் இதே கேள்விகள்தான்.

சேதத்தை யார் ஏற்பது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் லீக்ஸ் சுமை ஒன்று ரம்பொடைக்குக் கீழே லொறி பழுதாகி ஒரு பகலும் ஓர் இரவும் தறப்பாளுக்குள் நின்றது. அவிழ்த்தபோது வந்த மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது. "புல் இன்சூரன்ஸ் இருக்கு" என்று லொறிக்காரர் முன்பே சொல்லியிருந்தார். அது லொறிக்கு உள்ள காப்புறுதி, உள்ளே இருந்த சரக்குக்கு அல்ல. ஏற்றிச் செல்லும் சரக்குக்கு வேறாகக் காப்புறுதி எடுக்க வேண்டும். அதிலும் அழுகும் பொருளுக்கு என்ன நிபந்தனை என்று வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அன்று நட்டம் முழுவதும் எங்களுடையது.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான தவறு ஒன்று உண்டு. அதை உணர எங்களுக்கு எட்டு மாதம் எடுத்தது.

சேகரிப்பு, தரம் பிரிப்பு, கடைகளுக்குக் கொடுப்பது எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். முதல் இரண்டு மாதம் நிம்மதி. அதிகாலை மூன்று மணிக்கு எழும்பத் தேவையில்லை. கடைக்காரர்கள் எங்களுக்குப் போன் எடுப்பதை மெல்ல மெல்ல நிறுத்தினார்கள், அந்த நிறுவனத்தின் ஆளுக்கே எடுத்தார்கள். எந்தக் கடை எவ்வளவு திருப்பி அனுப்பியது, எந்தக் கிழமை கோவா ஓடவில்லை, எவர் பீற்றூட் சிறிதாகக் கேட்கிறார் என்று ஒன்றும் எங்களுக்கு வருவதில்லை. மாத முடிவில் ஒரு தொகை வரும், அவ்வளவுதான். எட்டாம் மாதம் கூலியை ஏற்றினார்கள். வேண்டாம் என்று சொல்ல எங்களால் முடியவில்லை. எங்கள் வாடிக்கையாளர்களின் பெயர் எங்கள் கொப்பியிலேயே இல்லை. மறுபடி கடை கடையாக ஏறி இறங்கித்தான் மீண்டோம்.

வெளியே கொடுத்தும் இந்த நிலைக்கு வராத ஒரு முறை நம் மலையிலேயே இருக்கிறது. 1883 முதல் கொழும்பில் தேயிலை ஏலம் நடக்கிறது. அங்கே தோட்டம் நேரே விற்பதில்லை, தரகர் விற்கிறார். மாதிரியை ருசி பார்ப்பதும் மதிப்பிடுவதும் அவரே. ஆனால் எந்தச் சுமை, எந்தத் தரம், என்ன விலை, தேநீரில் என்ன குறை என்பது தோட்டத்துக்குத் திரும்பி வருகிறது. வாட்டியது போதாது என்று ஒரு வரி வந்தால் பேக்டரி அடுத்த வாரமே மாற்றிக்கொள்ளும். விற்கும் வேலை வெளியே போனாலும் விற்பனை பற்றிய அறிவு தோட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்திலும் கிழமைக்கு ஒரு தாள் கேளுங்கள்: கடைவாரியாகப் போனது, திரும்பியது, விலை. தர மறுப்பவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஆட்களை ஏஜன்சி மூலம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொதி கட்டவும் தரம் பிரிக்கவும் வருவது பெரும்பாலும் தோட்டத்து லயத்துப் பெண்கள். "சேமலாப நிதி எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க" என்று ஏஜன்சியை நம்பிவிடாதீர்கள். மாதாமாதம் அந்த நிதிக்குக் கட்டியதைக் காட்டும் சி படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், அதில் ஒவ்வொருவரின் பெயரும் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஐம்பது வயதில் ஒரு பெண் அந்தப் பணத்தைக் கேட்டுப் போய், பத்து வருடத்தில் மூன்று வருடம்தான் கட்டியிருக்கிறது என்று கேட்பது எவ்வளவு பெரிய கொடுமை. வேலை நடந்தது உங்கள் கூரையின் கீழ். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

ஒரே ஆளை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்து. 2022 எரிபொருள் வரிசைகளையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மண் சரிந்து மலையகப் பாதைகளும் ரயில் பாதையும் அறுந்ததையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கண்டிப் பக்கம் ஓடும் ஒருவர், ஹட்டன் பாதையில் ஓடும் ஒருவர் என்று இரண்டு பேரோடு பழக்கம் வைத்திருங்கள். சும்மா நம்பரை வைத்திருப்பது போதாது, இருவருக்கும் மாதத்தில் சில பயணமாவது கொடுங்கள். வேலை கொடுக்காதவருக்கு நெருக்கடியில் நீங்கள் யாரோ.

அந்தத் தம்பி போன ஞாயிறு மறுபடி வந்தார். கையில் எண்பது பக்கக் கொப்பி, மகளுடையது போல, அட்டையில் பூ ஒட்டியிருந்தது. மூன்று கிழமை எழுதியிருந்தார். பேலியகொடைப் பயணம் வாடகைக்குக் கொடுத்தால் இலாபம், கண்டிக்கும் கம்பளைக்கும் சொந்த லொறியே இலாபம் என்று கணக்கு சொன்னது. லொறியை விற்கவில்லை. வாடகைக்காரருக்குக் காட்ட ஒரு தாளில் ஆறு நிபந்தனை எழுதி வந்திருந்தார். வெறுங் கூடையை விட்டுவிட்டார். அதை ஏழாவதாக எழுதிக்கொண்டு போனார்.