வாடகைக்கு விட்ட ஏரிக்கரை வீட்டுக்குத் திரும்பும்போது

வாடகைதாரர் சாவி கொடுக்கும்போதே, அவர் முன்னிலையில் மின் மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் படமெடுத்து வையுங்கள். பூட்டை முழுசாக மாற்ற வேண்டாம், சாவி நுழையும் உள்பகுதியான சிலிண்டரை மாற்றினால் போதும்.

பெயிண்டரை அவசரப்பட்டுக் கூப்பிடாதீர்கள். முதலில் ஈரத்தைப் பாருங்கள். கறை படிந்த சுவரில் ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கசிவை நிறுத்திக் காயவிடாமல் பெயிண்ட் அடித்தால் கொப்புளித்து உரியும். வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை.

ஏரி நிரம்பியிருக்கும்போது செப்டிக் டேங்கை முழுசாகக் காலி செய்வது பெரிய தப்பு. வெறும் தொட்டியை, அதுவும் பிளாஸ்டிக் தொட்டியை, நிலத்தடி நீர் மேலே தூக்கிவிடும். குழாய் இணைப்புகள் பிய்ந்துவிடும். நீர்மட்டம் இறங்கட்டும்.

வீடு சில வாரம் பூட்டிக் கிடந்ததா? ஷவர் தலையைக் கழற்றிவிட்டு எல்லாக் குழாயையும் 5 நிமிடம் ஓடவிடுங்கள். குளியலறை நாற்றத்துக்குப் பெரும்பாலும் டிராப்பில் (தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் வடிகால் வளைவில்) தண்ணீர் வற்றியதே காரணம்; வடிகாலில் ஒரு வாளி ஊற்றினால் போய்விடும்.

படகுத்துறை மரக்கால்களை நீர் தொடும் இடத்தில் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் உள்ளே உளுத்துவிட்டது, ஏறாதீர்கள்.