530களைப் பற்றி எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்

ஒரு வினாடி வினாவுக்காக கி.பி. 530 முதல் 539 வரையிலான பத்தாண்டுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். யார் எங்கே ஆண்டார்கள், எந்த ஆண்டில் என்ன போர், அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். கொடுத்த பிறகு நிதானமாக உட்கார்ந்து சரிபார்த்தால் ஐந்து இடத்தில் தவறு. ஒன்றுகூட எழுத்துப்பிழை இல்லை. எல்லாமே நல்ல புத்தகங்களைப் பார்த்து ஒழுங்காக எழுதியவைதான். அந்தச் சேதியை முதலில் சொன்னவர் யார், எந்தக் கணக்கில் சொன்னார் என்று கேட்க மறந்திருந்தேன். அந்தக் காலத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இதே இடத்தில்தான்.

முதலில் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். 530களில் வாழ்ந்த யாருக்கும் அது 530கள் என்று தெரியாது. கிறிஸ்து பிறப்பை வைத்து ஆண்டு எண்ணும் முறையை டயோனிசியஸ் என்ற துறவி 525ல்தான், அதுவும் ஈஸ்டர் தேதி அட்டவணைக்காக, உருவாக்கினார். ஆட்சி நடத்துகிறவர்கள் அதைச் சீண்டவில்லை. ரோமானியர்கள் ஓர் ஆண்டுக்கு, அந்த ஆண்டு கான்சல் என்ற உயர்பதவியில் இருந்தவரின் பெயரை வைத்தார்கள். 535 என்றால் 'பெலிசாரியஸ் கான்சலாக இருந்த ஆண்டு'. 536ல் புதிதாக யாரும் நியமிக்கப்படவில்லை, ஆகவே அது 'பெலிசாரியஸுக்குப் பிந்தைய ஆண்டு'. 537ம் அப்படியே, இரண்டாவது தடவை. அந்த 537ல்தான் ரோமானியப் பேரரசர் ஜஸ்டினியன், இனி எல்லாப் பத்திரங்களிலும் தன் ஆட்சியாண்டை முதலில் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர் முடிசூடியது 527 ஏப்ரலில். ஆக அவருடைய பத்தாவது ஆட்சியாண்டு 536ல் தொடங்கி 537க்குள் நீளும். இது போதாதென்று வரிக்கணக்குக்காக 15 ஆண்டுச் சுழற்சி ஒன்று தனியாக ஓடியது. அதன் புத்தாண்டு செப்டம்பர் 1.

இவ்வளவையும் தாண்டித்தான் ஒரு சம்பவம் நம் நாட்காட்டிக்குள் வந்து உட்கார்கிறது. குறிப்பில் '536' என்று ஒற்றை எண்ணைப் பார்த்தால், அது '536-37' ஆக இருக்குமோ என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

அடுத்து, இந்தப் பத்தாண்டின் மிகப் பிரபலமான வாரம். 532 ஜனவரி, பேரரசின் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்), நிகா கலவரம். 'தேரோட்டப் பந்தயத்தில் நீலக் கட்சி ரசிகர்களும் பச்சைக் கட்சி ரசிகர்களும் அடித்துக்கொண்டார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். உண்மை நேர்மாறானது. ஏற்கெனவே நடந்த ஒரு கைகலப்புக்காகச் சிலருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. தூக்குமரம் முறிந்து இரண்டு பேர் உயிரோடு கீழே விழுந்தார்கள். ஒருவன் நீலம், இன்னொருவன் பச்சை. துறவிகள் அவர்களைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு தேவாலயத்தில் அடைக்கலம் கொடுத்தார்கள், நகரத் தலைவர் தேவாலயத்தைச் சுற்றிக் காவல் போட்டார். 13ஆம் தேதி பந்தயம். அரங்கில் பேரரசர் உட்கார்ந்திருக்க, இரண்டு கட்சியும் 'அந்த இருவரையும் விட்டுவிடு' என்று கத்தின. பேரரசர் வாய் திறக்கவில்லை. பந்தயம் முடியும் நேரத்தில் கோஷமே மாறிவிட்டது. தேரோட்டிகளை உற்சாகப்படுத்தும் 'நிகா', அதாவது 'வெல்க', இரண்டு கட்சிகளும் சேர்ந்து எழுப்பும் குரலாகிவிட்டது. ஜென்ம விரோதிகள் கைகோத்ததால்தான் அது வெறும் ரசிகர் சண்டையாக முடியாமல் அரியணையையே அசைத்தது. பழைய ஹாகியா சோபியா பேராலயம் உட்பட நகரின் பாதி மையம் எரிந்தது. முந்தைய பேரரசர் ஒருவரின் அண்ணன் தங்கை பிள்ளைகளில் ஒருவரான ஹிப்பேசியஸைப் பிடித்து இழுத்து வந்து கூட்டம் முடிசூட்டியது. கடைசியில் தளபதிகள் பெலிசாரியஸும் முண்டுஸும் படையோடு அரங்கத்துக்குள் நுழைந்து கூட்டத்தை வெட்டிச் சாய்த்தார்கள். ஹிப்பேசியஸ் மறுநாளே கொல்லப்பட்டு, உடல் கடலில் வீசப்பட்டது.

சரி, எத்தனை பேர் செத்தார்கள்? '30,000' என்று எல்லா இடத்திலும் இருக்கும். அது அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் சொன்ன எண். அதே காலத்தில் எழுதிய மலாலாஸ் 35,000 என்கிறார். ஜான் லிடஸ் என்ற அரசு ஊழியர் 50,000 வரை போகிறார். பிணங்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆகவே 'புரோகோப்பியஸின் கணக்குப்படி 30,000க்கு மேல்' என்று எழுதினால் போதும், ஒரு வார்த்தைதான் கூடுதல்.

தப்பி ஓடலாமா என்று ஆண்கள் ஆலோசித்துக்கொண்டிருந்தபோது, பேரரசி தியோடோரா எழுந்து 'அரச உடை அழகான சவத்துணி' என்ற பழமொழியைச் சொல்லி நிறுத்தினார் அல்லவா? அந்தப் பேச்சு வருவதும் புரோகோப்பியஸில்தான். அதே வாரத்தை எழுதிய மலாலாஸிடம் அது இல்லை. போருக்கு முன்னும் நெருக்கடியிலும் தன் பாத்திரங்களைப் பேச வைப்பது அக்கால வரலாற்றாசிரியர்களின் வழக்கம். நம் காப்பியங்களில் வருவதுபோல. பேச்சு நன்றாக இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். ஆனால் மேற்கோள் குறிக்குள் போட்டு 'தியோடோரா சொன்னார்' என்று எழுதுவது கொஞ்சம் தைரியம்தான். புரோகோப்பியஸே மூன்று விதமாக எழுதிய மனிதர். போர்களைப் பற்றி எழுதும்போது நிதானம். கட்டடங்களைப் பற்றி எழுதும்போது ஜஸ்டினியனுக்குப் புகழ்மாலை. ரகசியமாக எழுதி வைத்ததில் அதே ஜஸ்டினியன் தலையில்லாமல் இரவில் அரண்மனையில் உலவும் பேய். இதில் எதிலிருந்து எடுக்கிறோம் என்று பார்க்காமல் 'புரோகோப்பியஸ் கூறுகிறார்' என்று போடுவதை நிறையப் பார்க்கிறேன்.

எரிந்த இடத்தில் புதிய ஹாகியா சோபியாவின் வேலை 532 பிப்ரவரியிலேயே தொடங்கி 537 டிசம்பர் 27ல் திறக்கப்பட்டது. ஆறு ஆண்டுகூட ஆகவில்லை. ஆனால் இஸ்தான்புல்லில் இன்று எடுத்த குவிமாடப் படத்தைப் போட்டு '537' என்று எழுதாதீர்கள். அந்த முதல் குவிமாடம் 558ல் இடிந்து விழுந்தது. இப்போது இருப்பது 562ல் இன்னும் உயரமாகக் கட்டியது, பிறகும் பல தடவை ஒட்டுப்போட்டது.

'பைசாந்தியப் பேரரசு' என்ற பெயரும் ஒரு சின்னச் சிக்கல். அது 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்கள் பரப்பிய சொல். ஜஸ்டினியன் தன்னை ரோமானியர் என்றே நினைத்தார், அவருடைய தாய்மொழி லத்தீன். சொல்லைப் பயன்படுத்தலாம், வசதியானது. ஆனால் 'ரோம் 476ல் வீழ்ந்தது, அப்புறம் பைசாந்தியம்' என்று பிரித்து எழுதினால், 536 டிசம்பரில் பெலிசாரியஸின் படை ரோம் நகருக்குள் ஒரு வாசல் வழியாக நுழைய, அதுவரை இத்தாலியை ஆண்ட கோத் இனத்தாரின் காவல்படை இன்னொரு வாசல் வழியாக வெளியேறிய நாள் வாசகருக்குப் புரியாது. உள்ளே போனவர்கள் அந்நிய ஊரைப் பிடிப்பதாக நினைக்கவில்லை, தங்கள் ஊரை மீட்பதாகவே நினைத்தார்கள்.

பெயர்க் குழப்பத்தைத் தமிழில் எழுதும்போதுதான் முழுசாக அனுபவிக்க முடியும். தியோடோரிக் கோத் மன்னர், 526லேயே இறந்துவிட்டார். தியுடெரிக் பிராங்க் மன்னர். அவருடைய மகன் தியுடெபெர்ட். தியோடகாட் கோத் மன்னர், தன்னை அரசராக்கிய கோத் அரசி அமலசுந்தாவையே ஓர் ஏரித் தீவில் அடைத்துவைத்து, 535ல் அவர் கொல்லப்படக் காரணமானவர். தியோடோரா பேரரசி. நான் அமலசுந்தாவைக் கொன்ற பழியைத் தியோடோரிக் தலையில் போட்டிருந்தேன். அவர் அமலசுந்தாவின் அப்பா, இறந்து ஒன்பது வருடமாகியிருந்தது! ஒரு தாளில் யாருக்கு யார் என்ன உறவு என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். போட்டித் தேர்வுக் குறிப்புகளில் 'யசோதர்மன் 528ல் ஹூண மன்னன் மிஹிரகுலனைத் தோற்கடித்தான்' என்று அடித்துச் சொல்லியிருக்கும். மாள்வாவில் மந்தசோருக்குப் பக்கத்தில் சோந்தனி என்ற இடத்தில் இரண்டு வெற்றித் தூண்கள் இருக்கின்றன. சிவனைத் தவிர யாருக்கும் தலை வணங்காத மிஹிரகுலன், தன் குடுமிப் பூவை யசோதர்மனின் காலடியில் வைத்து வணங்கினான் என்கிறது அதில் உள்ள பாட்டு. அந்தத் தூணில் ஆண்டே கிடையாது. ஆண்டு இருப்பது வேறொரு கல்வெட்டில். அதுவும் போரைப் பற்றியது அல்ல, ஒருவர் கிணறு வெட்டியதைப் பதிவு செய்தது. யசோதர்மன் பெயரைச் சொல்லி, மாளவ ஆண்டு 589 என்கிறது. நம் கணக்கில் 532-33. இரண்டையும் செதுக்கியவர் பெயர் கோவிந்தன் என்று இருப்பதால் காலத்தை இணைத்துப் பார்க்க முடிகிறது. ஆக, கையில் இருப்பது 'மிஹிரகுலன் ஒரு கட்டத்தில் பணிந்தான், 532 வாக்கில் யசோதர்மன் ஆட்சியில் இருந்தான்' என்பது மட்டுமே. 528 பின்னால் வந்தவர்களின் ஊகம்.

அதே தூண், பிரம்மபுத்திரா முதல் மேற்குக் கடல் வரை அரசர்கள் யசோதர்மனை வணங்கினார்கள் என்றும் சொல்கிறது. அதை வைத்துச் சிலர் வண்ணம் தீட்டி வரைபடமே போட்டுவிடுகிறார்கள். நமக்கு இந்தத் தவறு வரவே கூடாது. மெய்க்கீர்த்தி படித்து வளர்ந்தவர்கள் நாம். புலவர் பாடிய எல்லைக்கும் வரி வசூலித்த எல்லைக்கும் எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரியும்.

மிஹிரகுலனை அட்டிலாவின் பேரன் அளவுக்கு நெருக்கமாக்கி எழுதுவதும் உண்டு. அட்டிலா ஐரோப்பாவை உலுக்கிய ஹூண மன்னர், 453ல் அங்கேயே இறந்தவர். இரண்டு கூட்டத்துக்கும் 'ஹூணர்' என்ற பெயர் பொது என்பதைத் தாண்டி அவர்களுக்குள் என்ன உறவு என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது.

இனி இருண்ட சூரியன். 536ஐ 'மனிதன் வாழ்ந்ததிலேயே மோசமான ஆண்டு' என்று சொல்லும் பதிவுகள் அடிக்கடி சுற்றுகின்றன. சூரியன் மங்கியது உண்மை. அந்த ஆண்டு முழுதும் சூரியன் நிலவைப்போல ஒளியில்லாமல் இருந்தது என்று புரோகோப்பியஸ் எழுதினார். இத்தாலியில் கோத் அரசின் உயரதிகாரி காசியோடோரஸ், நடுப்பகலில் நம் நிழல் தரையில் விழவில்லையே என்று வியந்தார். மர வளையங்கள் அந்தக் குளிரைக் காட்டுகின்றன, துருவப் பனிக்கட்டி எரிமலைச் சாம்பலையும் கந்தகத்தையும் காட்டுகிறது. பிழை அடுத்த வரியில் வருகிறது. 'இந்தோனேசியாவின் கிராகடோவா வெடித்தது' என்று உறுதியாகப் போட்டுவிடுவார்கள். எந்த எரிமலை என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஐஸ்லாந்து, வட அமெரிக்கா என்று ஆய்வாளர்கள் மாறி மாறிக் கை காட்டுகிறார்கள். அப்புறம், அதே மூச்சில் கொள்ளைநோயையும் சேர்த்துவிடுவார்கள். நோய் எகிப்தின் பெலூசியத்தில் தலைகாட்டியது 541ல், தலைநகரை எட்டியது 542ல். அது அடுத்த பத்தாண்டின் பக்கம்.

கிழக்காசியாவுக்கு நாம் ஒதுக்கும் இடம் பெரும்பாலும் ஒரு வரி: 'சீனாவில் பேரரசர் இன்னார்'. 530களில் சீனாவில் ஒரே பேரரசர் கிடையாது. தெற்கே லியாங் வம்சத்தின் வூ, 502 முதல் ஆண்டுகொண்டிருந்தார். வடக்கே வெய் அரசு 534-35ல் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிளந்தது. இரண்டிலும் பொம்மை மன்னர்கள், பின்னால் தளபதிகள். ஜப்பானுக்குப் பௌத்தம் போன ஆண்டு இன்னொரு கண்ணி. 538 என்று சில நூல்கள், 552 என்று சில. இரண்டில் எதுவும் அச்சுப்பிழை இல்லை. ஜப்பானின் இரண்டு பழைய ஏடுகள் இரண்டு ஆண்டு சொல்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றதையும் குறிப்பிட வேண்டும்.

கடைசியாக, 'நிரந்தர சமாதானம்'. 532ல் ஜஸ்டினியனும், முந்தைய ஆண்டுதான் அரியணை ஏறிய பாரசீக மன்னர் முதலாம் குஸ்ரோவும் போட்ட ஒப்பந்தம். ரோம் 11,000 ரோமானிய ராத்தல் தங்கம் கொடுத்தது, ஏறக்குறைய மூன்றரை டன். ஒப்பந்தத்தின் பெயரை நம்பி, பத்தாண்டு முழுக்கக் கிழக்கு எல்லை தூங்கியது என்று எழுதிவிடுவார்கள். அந்தச் சமாதானத்தால் கை ஓய்ந்த ஜஸ்டினியன் 533ல் ஆப்பிரிக்காவுக்குப் படை அனுப்பி வாண்டல் அரசை முடித்தார். மலையுச்சியில் முற்றுகைக்குள் சிக்கிய அவர்களுடைய மன்னர் கெலிமர், எதிரித் தளபதியிடம் ஒரு ரொட்டியும், வீங்கிய கண்ணைத் துடைக்க ஒரு கடற்பஞ்சும், தன் துயரத்தைப் பாட ஒரு யாழும் கேட்டு எழுதினார். 'காட்டுமிராண்டிகள்' என்று ஒரே வார்த்தையில் கடக்கும்முன் இந்தக் கடிதத்தை நினைத்துக்கொள்வேன். பிறகு இத்தாலி. அங்கே கோத் மன்னர் விட்டிகிஸுக்கு மூச்சு முட்டியபோது, கிழக்கே ஒரு தீயைப் பற்றவைத்தால்தான் தனக்கு விடிவு என்று புரிந்தது. வட இத்தாலியின் லிகூரியாவைச் சேர்ந்த இரண்டு பாதிரியார்களுக்குப் பணம் கொடுத்து, ஒருவரைப் பிஷப் என்றும் மற்றவரை அவருடைய எடுபிடி என்றும் வேஷம் போட வைத்து, ரோமானிய நாட்டின் குறுக்காகவே குஸ்ரோவிடம் அனுப்பினார். அவர்கள் போய்ச் சேர்ந்து பேசியது 530களின் முடிவில். குஸ்ரோவின் படையால் ரோமானிய நகரான அந்தியோக்கியா எரிந்தது 540ல்.