மணமூட்டிய தேயிலைப் பைகளைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி? வன்னிச் சமையலறைக்கான செய்முறை விளக்கம்

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள சுப்பர்மார்க்கெட்டுகளில் தேயிலை வைக்கும் அடுக்கு கடந்த சில ஆண்டுகளில் நீண்டுகொண்டே போயிருக்கிறது. எலுமிச்சை, இஞ்சி, கறுவா, ஏலக்காய், புதினா, ஸ்ரோபெரி, வனிலா, ஏர்ல் கிரே என்று பெட்டிகள் வரிசையாக நிற்க, அவற்றின் முன்னால் நிற்கும் எங்களில் பெரும்பாலானோர் சங்கக்கடைத் தேயிலைத்தூளில் வளர்ந்தவர்கள். வெறுந்தேத்தண்ணியை ஒரு துண்டுப் பனங்கட்டியுடனோ உள்ளங்கையில் வைத்த சீனியுடனோ குடித்துப் பழகியவர்கள். இந்தப் பெட்டிகளுள் எது நல்லது என்று தீர்மானிக்க அட்டையில் அச்சிடப்பட்ட பழத்தின் படத்தைத் தவிர வேறு வழி தெரியாமல் ஒன்றை எடுத்துவந்து, ஒரு தடவை ஊற்றிப் பார்த்துவிட்டு, மீதியை விருந்தினருக்கென்று அலுமாரியில் வைத்துவிடுகிறோம். மூன்று பெட்டிகளை ஒரே மாலையில் நேர்மையாக ஒப்பிட்டு, எதை மீண்டும் வாங்கலாம் என்று தீர்மானிப்பதற்கான முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் எவையும் தேவையில்லை.

முதற்படி: தண்ணீர்

வன்னியில் தேநீரைச் சுவைத்துப் பழக விரும்புபவர் முதலில் சுவைக்க வேண்டியது தன் வீட்டுத் தண்ணீரைத்தான். எங்கள் கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் கிடைப்பது பெரும்பாலும் வன்னீர். கேத்திலின் அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் படிவே அதற்குச் சாட்சி. நீரில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று, கொதிக்கும்போது கல்சியம் காபனேற்றாக மாறிப் படிவதால் அது உண்டாகிறது. இத்தகைய நீரில் ஊற்றிய தேநீர் கருமையாகவும் மங்கலாகவும் தோன்றும். சிறிது நேரம் ஆறவிட்டால் அதன் மேல் மெல்லிய ஆடை ஒன்று படரும். அது பாலாடையும் அன்று, தேயிலையில் கலந்த எண்ணெயும் அன்று. நீரிலுள்ள கல்சியமும் தேயிலையின் பொலிபீனோல்களும் காற்றுடன் சேர்ந்து உண்டாக்கும் படலம்.

நான் சுவைத்துப் பழகத் தொடங்கிய நாட்களில், ஓர் இஞ்சித் தேநீரையும் ஒரு கறுவாத் தேநீரையும் எங்கள் குழாய்க்கிணற்று நீரில் ஊற்றிப் பார்த்து, இரண்டும் மந்தமானவை, ஒன்றுக்கொன்று வேறுபாடில்லாதவை என்று கொப்பியில் எழுதிவைத்தேன். சில வாரங்களின் பின், சுத்திகரிப்பு நிலையத்தில் வாங்கிய நீரில் அதே பைகளை ஊற்றியபோது, கறுவாத் தேநீரின் நிறம் செம்பொன்னாக எழுந்ததையும், இஞ்சித் தேநீருக்குள் அதுவரை நான் அறியாத துவர்ப்பு ஒன்று இருந்ததையும் கண்டு, முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல கிராமங்களில் சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தின் காரணமாக இத்தகைய நிலையங்கள் அமைக்கப்பட்டிருப்பதால், ஐந்து லீற்றர் நீரைப் பெறுவது இன்று கடினமன்று. ஒப்பீடு முழுவதையும் அந்த ஒரே நீரில் செய்யுங்கள். முடிவில் வெற்றி பெற்ற தேநீரை மட்டும் உங்கள் கிணற்று நீரிலும் ஒருமுறை ஊற்றிப் பாருங்கள். நாளாந்தம் நீங்கள் குடிக்கப்போவது அந்த நீரில்தான் என்றால் இறுதித் தீர்ப்பும் அங்கேதான் வர வேண்டும்.

நீர் நன்றாகக் கொதிக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. கடல்மட்டத்தை ஒட்டிய இந்தச் சமவெளியில் நீர் ஏறத்தாழ 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. 1,800 மீற்றருக்கு மேல் இருக்கும் நுவரெலியாவிலோ 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். சுடுதண்ணிப் போத்தலில் காலையில் ஊற்றிவைத்த நீரை மாலையில் பயன்படுத்தினால் இந்த வசதியை நாமே இழந்துவிடுவோம். அப்போதே கொதித்த நீர்தான் தேவை.

இரண்டாம் படி: பெட்டியையும் பையையும் பார்த்தல்

பெட்டியைத் திருப்பி உள்ளடக்கப் பட்டியலை வாசியுங்கள். பொருட்கள் எடையின் இறங்குவரிசையில் எழுதப்பட்டிருக்கும். ‘இஞ்சி’ என்று தனியாக எழுதியிருந்தால் உலர்ந்த இஞ்சி உண்மையாகவே சேர்ந்திருக்கிறது. ‘இஞ்சி நறுமணம்’ என்று மட்டும் இருந்தால் வாசனைப் பொருளே சேர்ந்திருக்கிறது. இரண்டும் இருப்பதும் உண்டு. நறுமணம் சேர்த்தது குற்றமன்று. ஏர்ல் கிரே என்பதே பேர்கமொட் என்ற நாரத்தை இனப் பழத்தோலின் எண்ணெயால் மணமூட்டப்படும் தேநீர்தான், அந்தப் பழம் பெருமளவில் விளைவது இத்தாலியின் கலாப்ரியாவில். ஆனால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இருந்தால், உள்ளே இருப்பது இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதிசெய்யப்பட்டது என்று பொருள். மணத்தின் தரத்தைப் பற்றி அந்த இலச்சினை எதையும் கூறாது.

தேறிய நிறையைப் பைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 25 பைகளில் 50 கிராம் என்றால் ஒரு பைக்கு 2 கிராம். 20 பைகளில் 30 கிராம் என்றால் 1.5 கிராம். ஒரே விலையில் அருகருகே நிற்கும் இரண்டு பெட்டிகள் உண்மையில் ஒரே விலையல்ல என்பது இப்போதுதான் தெரியவரும்.

பிறகு ஒரு பையைக் கிழித்து வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். பைக்குள் இருப்பது தொழிற்சாலையில் கூட்டியள்ளிய கழிவு என்ற பேச்சு எங்கள் ஊர்களில் பரவலாக உண்டு, அது தவறு. தேயிலையைச் சல்லடையில் அளவு வாரியாகப் பிரிக்கும்போது கிடைக்கும் நுண்ணிய வகைகளே பைகளுக்குப் போகின்றன, ஏனெனில் துணிக்கை சிறியதாக இருந்தால் சாயம் விரைவாக இறங்கும். வகையின் பெயர் அளவைச் சொல்கிறது, தரத்தை அன்று. தாளில் கொட்டிய தூள் ஒரே கருமையாக இருக்கிறதா, நார்களும் தண்டுத் துணுக்குகளும் மிகுதியா, இடையே வெளிர்நிற நறுமண மணிகள் தெரிகின்றனவா, தோலோ பட்டையோ உண்மையான துண்டாகக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: ஒரே அளவில் ஊற்றுதல்

சர்வதேச நியமங்களுக்கான அமைப்பு 1980 இல் வெளியிட்ட 3103 ஆம் இலக்க நியமம், சுவைப் பரிசோதனைக்குத் தேநீரை ஊற்றும் முறையை வகுத்திருக்கிறது: 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடங்கள். இது இனிமையாகக் குடிப்பதற்கான அளவன்று, மிகவும் கடுப்பாக இருக்கும். குறைகளை மறைக்க இடமில்லாமல் எல்லாத் தேநீர்களையும் ஒரே நிலையில் நிறுத்துவதே அதன் நோக்கம். இரண்டு கிராம் பை ஒன்றுக்கு 100 மில்லிலீற்றர் என்றால் ஒன்றரைக் கிராம் பைக்கு 75 மில்லிலீற்றர். அளக்கும் கருவி இல்லையென்று தயங்க வேண்டாம்; வீட்டில் குழந்தை வளர்ந்த பின் ஒதுக்கிவைத்த பால்போத்தலின் கோடுகள் போதும். சூடான நீரை அதில் ஊற்றாமல், குளிர்ந்த நீரில் அளந்து கோப்பையின் உட்புறத்தில் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உட்புறம் வெள்ளையான ஒரே அளவுக் கோப்பைகள் வேண்டும். சில்வர் குவளையில் நிறம் தெரியாது.

பையின் மேல் நேரடியாகக் கொதிநீரை ஊற்றி உடனே தட்டால் மூடுங்கள். மூடாவிட்டால் நீங்கள் மதிப்பிட வந்த மணம் கூரைக்குப் போய்விடும். ஆறு நிமிடங்கள் முடிந்ததும் பையைத் தூக்கி வடியவிடுங்கள். கரண்டியால் அழுத்திப் பிழிய வேண்டாம்.

இங்கே ஒரு கோப்பையை நான் கட்டாயப்படுத்துவேன்: மணமூட்டாத சாதாரணத் தேயிலைப் பை ஒன்றையும் இதே முறையில் ஊற்றிப் பக்கத்தில் வையுங்கள். இதன் அவசியத்தை எனக்கு உணர்த்தியவர் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் முதியவர் ஒருவர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்முறைகளுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய பல குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. இளமையில் கொழுந்து பறித்தவர். ஸ்ரோபெரித் தேநீர் ஒன்றை நான் பெருமையுடன் நீட்டியபோது அவர் முகர்ந்து, ஒரு வாய் குடித்துவிட்டு, “வாசம் இருக்கு புள்ள, சாயம் எங்க?” என்று கேட்டார். சாதாரணத் தேநீரைப் பக்கத்தில் வைத்து மீண்டும் குடித்தபோதுதான், அந்தக் கோப்பையில் தேயிலையென்று சொல்லத்தக்க எதுவுமே இல்லை என்பது எனக்கு விளங்கியது. மணம் ஏமாற்றவில்லை, என் கவனத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. அன்றிலிருந்து பத்துப் புள்ளிகளில் ஐந்தைத் தேயிலைக்கும், மூன்றை மணத்துக்கும், இரண்டை அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதற்கும் கொடுத்துவருகிறேன்.

நான்காம் படி: மூக்கும் வாயும்

சுவைக்கும் ஒழுங்கு முக்கியமானது. சாதாரணத் தேநீர், ஏர்ல் கிரே, பழ வகைகள், ஏலக்காய், கறுவா, இஞ்சி, கடைசியாகப் புதினா. புதினாவை முதலில் குடித்தவருக்கு அதன் பிறகு அரைமணி நேரத்துக்கு எதையும் மதிப்பிட முடியாது. அன்று மாலை வெற்றிலை போட்டவரையும், மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்தவரையும் மறுநாள் வரச் சொல்லுங்கள்.

தட்டைச் சற்றே விலக்கி ஆவியை முகருங்கள். அடுத்து வடித்த பையை முகருங்கள். கோப்பையில் மறைந்திருக்கும் பழைய வாடை பையில் தெரிந்துவிடும். தேநீர் தாங்கக்கூடிய இளஞ்சூட்டுக்கு ஆறியதும் ஒரு கரண்டி எடுத்து, ஓசை எழும்படி காற்றுடன் சேர்த்து உறிஞ்சி இழுங்கள். பிள்ளைகள் இப்படிக் குடித்தால் நாம் கண்டிப்போம், ஆனால் தேயிலைச் சுவைஞர்கள் தொழிலாகச் செய்வது இதைத்தான். திரவம் நாக்கு முழுவதும் பரவ, மணம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. சீனி வேண்டாம். ஓரிரு விநாடிகள் வாயில் வைத்திருந்துவிட்டு ஒரு பாத்திரத்தில் துப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் இரவு நித்திரை வராது.

இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னொரு கரண்டி. எஞ்சி நிற்பது கசப்பு, துவர்ப்பு, புளிப்பு, உறைப்பு ஆகியவை மட்டுமே. மூக்கைத் திறந்ததும் மணம் திடீரென்று வந்து சேரும். நாக்கு அறிவதையும் மூக்கு அறிவதையும் பிரித்துக் காட்டும் இந்தச் சிறு பயிற்சியால்தான் மணமூட்டிய தேநீரின் உள்ளமைப்பு புலப்படுகிறது. இஞ்சித் தேநீரை மூக்கைப் பொத்திக் குடித்தும் தொண்டையில் காரம் பிடித்தால், உலர்ந்த இஞ்சி போதியளவு இருக்கிறது; காரம் சிறிதும் இல்லையென்றால் இஞ்சியின் வாசனை மட்டுமே அங்கு இருக்கிறது. எலுமிச்சைத் தேநீரில் புளிப்பு இருந்தால் உள்ளடக்கப் பட்டியலில் சித்திரிக் அமிலத்தையோ புளிப்பான வேறொரு பொருளையோ தேடுங்கள், ஏனெனில் எலுமிச்சைத் தோலின் எண்ணெய் மணக்குமே தவிர புளிக்காது. கறுவாவில் மென்மையான இனிப்புச் சாயல் வந்தால் மகிழுங்கள். மூக்கைக் குத்தும் கரகரப்பான கறுவா மணம் எனக்கு ஏற்பில்லை. ஸ்ரோபெரியும் வனிலாவும் மூக்குக்கு இனிப்பை வாக்களித்து நாக்குக்கு எதையும் கொடுக்காமல் விடுகின்றன, ஆகவே அவற்றின் அடியில் உறுதியான தேயிலை இல்லாவிட்டால் வாய் வெறுமையாகிவிடுகிறது. இந்த இரண்டு வகைகளில்தான் நான் அதிகமான பெட்டிகளை நிராகரித்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: உங்கள் தீர்ப்பைச் சோதித்தல்

இரண்டு இஞ்சித் தேநீர்களில் ஒன்று மேலானது என்று நம்புகிறீர்களா? வீட்டிலுள்ள ஒருவரை, நீங்கள் பாராதபோது, மூன்று கோப்பைகளில் ஊற்றச் சொல்லுங்கள்: இரண்டில் ஒரே தேநீர், மூன்றாவதில் மற்றது. கோப்பையின் அடியில் அவர் அடையாளமிடட்டும். வேறுபட்ட கோப்பையை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். வெறும் ஊகத்தாலேயே மூன்றில் ஒரு தடவை சரியாக வரும் என்பதால் ஒரு வெற்றி போதாது. ஆறு தடவைகள் செய்து ஐந்தில் சரியாகச் சொன்னால், அது ஊகத்தால் நிகழும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. நான்கென்றால் இன்னும் சந்தேகத்துக்கு இடமுண்டு. இரண்டோ மூன்றோதான் வந்தது என்றால், மலிவானதை வாங்குங்கள்.

பால்மா கலந்து குடிப்பவர்கள் புள்ளிகளை எழுதி முடித்த பிறகு கலந்து பார்க்கலாம். பாலின் புரதம் துவர்ப்பைக் கட்டிப்போடுவதால், தனியே கடுப்பாகத் தோன்றிய ஏலக்காய்த் தேநீர் பாலில் சிறப்பாக அமையக்கூடும். புளிப்புச் சேர்ந்த எலுமிச்சைத் தேநீரில் மட்டும் கலக்க வேண்டாம், பால் திரிந்துவிடும்.

திறந்த பெட்டியிலிருந்து ஐந்து பைகளை எடுத்து, இறுக்கமாக மூடும் தகரப் பேணி ஒன்றில் திகதி எழுதி வையுங்கள். மீதியைப் பெட்டியோடு வழமையான இடத்திலேயே விடுங்கள். தேயிலை அயலில் இருக்கும் எந்த வாசனையையும் ஏற்றுக்கொள்ளும். சவர்க்காரத்துக்கும் கருவாட்டுக்கும் அருகில் அடுக்கப்பட்டிருந்த கடைப் பெட்டி ஒன்றில் நான் இரண்டையும் முகர்ந்திருக்கிறேன். வைகாசி வெயிலில் தகரக் கூரையின் கீழ் மணமோ இன்னும் விரைவாகப் பறந்துவிடுகிறது. ஒரு மாதம் கழித்துப் பேணியிலிருந்து ஒன்று, பெட்டியிலிருந்து ஒன்று என எடுத்து, அதே நீரில், அதே ஆறு நிமிடங்களுக்கு ஊற்றி, அருகருகே வைத்து முகர்ந்து பாருங்கள். பெட்டியில் இருந்ததன் மணம் மங்கிவிட்டதென்றால், அடுத்த முறை ஒவ்வொரு பையும் தனித்தனியே தகட்டு உறையில் வரும் வகையைத் தேடுங்கள்.