முதலில் கோடு, அப்புறம் ஆள்: தெருப் படம் பழகுபவர்களுக்கு ஒரு செய்முறை

தெருவில் கேமராவோடு இறங்கும் புதியவர்கள் பெரும்பாலும் ஆளைத் துரத்துகிறார்கள். சிவப்புக் குடை பிடித்தவர், நாயோடு நடப்பவர், போனில் சிரித்துப் பேசிக்கொண்டே போகிறவர் என்று கண்ணில் பட்டவர் பின்னால் ஓடி, கிடைத்த இடத்தில் நின்று அழுத்திவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இரண்டு வருடம் ஓடினேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் திறந்து பார்த்தால் ஆள் நடுவில் நிற்பார். அவரைச் சுற்றி ஒரு கம்பம், பாதி கார், யாருடைய முழங்கையோ.

கோடுகளைத் தேட ஆரம்பித்த பிறகுதான் படங்கள் கொஞ்சம் தேறின. கோடு ஓடிப்போகாது. நடைபாதை விளிம்பும் கைப்பிடியும் சுவரும் இருந்த இடத்தில் இருக்கும். நிதானமாக நின்று, நகர்ந்து, ஃபிரேமை, அதாவது படத்தின் எல்லைகளை, சரிசெய்துகொள்ளலாம். எல்லாம் தயாரான பிறகு ஆள் தானாக நடந்து வருவார். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த வரிசையில்தான் போகும். கேமரா எதுவானாலும் சரி, போன் போதும்.

படி 1: கேமரா பையிலேயே இருக்கட்டும்

முதல் அரை மணி நேரம் சும்மா நடங்கள். கண்களை இடுக்கிக்கொண்டு தெருவைப் பாருங்கள். எழுத்து, முகம், நிறம் எல்லாம் மங்கிப்போய், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற எல்லைகள் மட்டும் மிஞ்சும். நமக்கு வேண்டிய கோடுகள் அவைதான்.

சில கோடுகள் கையால் தொடக்கூடியவை: நடைபாதையின் ஓரம், படிக்கட்டின் கைப்பிடி, தண்டவாளம், சாலையில் தீட்டிய வெள்ளைப் பட்டை. சில, வெளிச்சம் வரைந்தவை: கட்டடத்தின் நிழல் தரையில் முடிகிற இடம், இரண்டு சுவர்களுக்கு நடுவே நுழைந்து நீளமாக விழும் வெயில். இன்னொரு வகை கண்ணுக்கே தெரியாதது. ஒருவர் எதையோ உற்றுப் பார்த்தால், அவர் கண்ணிலிருந்து அந்தப் பொருள் வரை ஒரு கோடு ஓடுகிறது. நீட்டிய விரலும் அப்படித்தான். இந்தக் கடைசி வகையைப் பிடிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். ஆரம்பத்தில் முதல் இரண்டோடு நில்லுங்கள்.

படி 2: ஒரே ஒரு கோட்டைத் தேர்ந்தெடுங்கள்

கிடைக்கோடு அமைதி, செங்குத்துக் கோடு கம்பீரம், வளைகோடு மென்மை என்று பாடம் சொல்வார்கள். பாதி உண்மை. அந்தக் கோட்டில் யார் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறிவிடும். ஆனால் சாய்கோட்டுக்கு மட்டும் ஒரு தனி வேகம் உண்டு. சாய்ந்திருக்கும் எதைப் பார்த்தாலும் விழப்போகிறதா, எழப்போகிறதா என்று மனம் கேட்கும். சோவியத் புகைப்படக் கலைஞர் அலெக்சாந்தர் ரோட்சென்கோ, குழந்தையோடு படியேறும் ஒரு பெண்ணை எடுத்த படத்தில் படிகளும் அவற்றின் நிழல்களும் ஃபிரேம் முழுக்கச் சாய்ந்த பட்டைகளாக ஓடும். படிக்கட்டு நேராக இருந்திருந்தால் அது வெறும் ஏறுதல். சாய்ந்ததால் அந்த ஏற்றத்தில் ஒரு தள்ளாட்டம் வந்துவிட்டது.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த கதை அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீகிளிட்ஸ் பிற்காலத்தில் சொன்னது. 1907இல் ஐரோப்பாவுக்குப் போகும் கப்பலில் முதல் வகுப்பில் பயணம் செய்தவர், மேல்தளத்தில் நடந்துபோய்க் கீழ்வகுப்புப் பயணிகள் நிற்கும் பகுதியைப் பார்க்கிறார். குறுக்கே வெள்ளையடித்த ஒரு நடைபாலம், சாய்ந்து இறங்கும் ஏணிப்படி, வட்டமான வைக்கோல் தொப்பி. கையில் கேமரா இல்லை. அறைக்கு ஓடி, கேமராவையும், படம் பதிய மிச்சமிருந்த ஒரே ஒரு கண்ணாடி பிளேட்டையும் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறார். தொப்பிக்காரர் நகர்ந்திருப்பாரோ என்பதுதான் அவருடைய பயம். நகரவில்லை. படம் கிடைத்தது. கவனியுங்கள்: பாலமும் ஏணியும் நகர்ந்துவிடும் என்று அவர் பயப்படவே இல்லை.

சரி, உங்கள் தெருவுக்கு வருவோம். பார்த்த கோடுகளில் நீளமானதும் பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிவதுமான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை மறந்துவிடுங்கள். ஐந்து கோடுகளை ஒரே படத்தில் திணித்தால் கண்ணுக்கு எந்தப் பக்கம் போவதென்றே தெரியாது.

படி 3: கோட்டை வளைப்பது உங்கள் கால்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். பாதசாரிகள் கடக்கும் வெள்ளைப் பட்டைகளை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பவை.

நடைபாதை ஓரத்தில், கடக்கப்போகிறவர் நிற்கும் இடத்தில் நின்று எதிர்ப்புறம் பாருங்கள். பட்டைகள் ஏணிப்படிகள்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். எதிரிலிருந்து வருபவர் அந்த ஏணியில் இறங்கி வருவதுபோலத் தெரிவார். இப்போது நடைபாதையிலேயே நான்கு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து, கோணலாகப் பாருங்கள். அதே பட்டைகள் சாய்ந்துகொள்ளும். நடப்பவர் சாய்வுக்கு எதிராகப் போகிறாரா, சாய்வோடு சேர்ந்து போகிறாரா என்பதே ஒரு செய்தியாகிவிடும். அதே இடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தால் பட்டைகள் நசுங்கி மெல்லிய கீற்றுகளாகிவிடும், கால்கள் பெரிதாகத் தெரியும். பக்கத்தில் நடைமேம்பாலமோ முதல் மாடி ஜன்னலோ இருந்தால் மேலிருந்து பாருங்கள். பட்டைகள் விரித்துவைத்த காகிதம்போலத் தட்டையாகும். ஒரு கறுப்புச் சட்டைக்காரர் வெள்ளைப் பட்டையில் கால் வைக்கும் தருணம் அங்கேதான் கிடைக்கும்.

ஒரே பட்டைக்கு நான்கு படம். லென்ஸை மாற்றவில்லை, சாலையில் இறங்கவும் இல்லை. படத்துக்காகச் சாலை நடுவில் போய் நிற்காதீர்கள். ஃபிரேமுக்குள் பார்க்கிற கண்ணுக்கு வண்டி தெரியாது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். அதிகப் பரப்பை ஒரே படத்தில் அடக்கும் அகலக்கோண லென்ஸ்தான் கோடுகளை இழுத்து நீட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கோடு எவ்வளவு வேகமாகக் குறுகிப் போகிறது என்பதை முடிவு செய்வது நீங்கள் நிற்கும் தூரம். அகலக்கோண லென்ஸ் உங்களைக் கோட்டுக்கு மிகப் பக்கத்தில் போக விடுகிறது, அவ்வளவுதான். போனின் முதன்மை கேமரா எப்படியும் அகலக்கோணம்தான். அதனால் கைப்பிடிக்கு ஒரு சாண் பக்கத்தில் போனை வைத்துப் பாருங்கள். கைப்பிடி உங்கள் மூக்கிலிருந்து கிளம்பித் தெருக்கோடி வரை பாயும்.

கேமராவை மேல்நோக்கித் தூக்கினால் கட்டடங்களின் செங்குத்துக் கோடுகள் மேலே போய்க் குவியும். வேண்டாமென்றால் கேமராவை மட்டமாகப் பிடியுங்கள், திரையில் கிரிட் கோடுகளைப் போட்டுக்கொண்டால் சுலபம். வேண்டுமென்றால் தைரியமாகச் சாயுங்கள். இரண்டு டிகிரி சாய்வு பிழைபோலத் தெரியும். இருபது டிகிரி என்றால் வேண்டுமென்றே செய்தது என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

படி 4: கோடு எங்கே போய்ச் சேர்கிறது?

திரையில் விரலை வைத்துக் கோட்டின்மேல் நகர்த்திப் பாருங்கள். விரல் ஃபிரேமைவிட்டு வெளியே போய்விட்டால், பார்ப்பவரின் கண்ணும் அதே வழியில் வெளியே போய்விடும். விரல் எங்கே நிற்கிறதோ, அல்லது எங்கே இன்னொரு கோட்டில் முட்டுகிறதோ, அங்கேதான் ஆள் வர வேண்டும். அந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கோடு ஃபிரேமின் மூலையில் கச்சிதமாகத் தொடங்க வேண்டாம். மூலைக்குக் கொஞ்சம் தள்ளி, கீழ் விளிம்பிலிருந்து கிளம்பினால் இயல்பாக இருக்கும்.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் 1932இல் பிரான்சின் இயேர் நகரில் எடுத்த சைக்கிள் படத்தை ஒரு முறையாவது பாருங்கள். மேலிருந்து சுழன்று இறங்கும் படிக்கட்டும் கைப்பிடியும், கீழே வளைந்து போகும் தெரு, அதில் கலங்கலாக ஒரு சைக்கிள்காரர். எல்லா வளைவுகளும் அவரிடம்தான் போய்ச் சேர்கின்றன. அவரை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள், வெறும் படிக்கட்டுதான் மிஞ்சும். படிக்கட்டை மறைத்தால் வெறும் சைக்கிள்.

படி 5: அமைப்பை முடித்துவிட்டுக் காத்திருங்கள்

ஆள் வந்த பிறகு பட்டன்களைத் திருகிக்கொண்டிருக்கக் கூடாது. நடப்பவரை உறையவைக்க ஷட்டர் வேகம் 1/250 நொடி பெரும்பாலும் போதும். சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகர்வார். 1/250 நொடியில் அது அரை சென்டிமீட்டர் சொச்சம். 1/30 என்றால் கிட்டத்தட்ட ஐந்து சென்டிமீட்டர், கலங்கிவிடும். முழு ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 28 மி.மீ. லென்ஸ் இருந்தால் லென்ஸ் திறப்பை எஃப்/8இல் வைத்து, ஃபோகஸைச் சுமார் 3.3 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். ஒன்றே முக்கால் மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் போதுமான தெளிவோடு விழும். போனில் ஆள் வரப்போகிற இடத்தை நீளமாக அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். வெயிலும் நிழலும் கலந்த இடத்தில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடுங்கள், நிழல் கறுத்துக் கோடு கூர்மையாகும்.

அப்புறம் காத்திருப்பு. ஆள் குறித்த இடத்துக்கு வரும்போது கால்கள் கத்தரிபோல விரிந்திருக்கும் நொடியில் அழுத்துங்கள். கால்கள் ஒட்டிய நொடியில் எடுத்தால் நடப்பவர் நட்டுவைத்த கம்புபோல இருப்பார். ஒரே கிளிக்கை நம்ப வேண்டாம், மூன்று நான்கு தொடர்ச்சியாக எடுங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு மேம்பாலத்தின் அடியில் இடது மேல் மூலைப் பக்கமிருந்து கைப்பிடி சாய்ந்து இறங்கியது. அது முடியும் இடத்தில் கதவு அளவுக்கு ஒரு வெயில் துண்டு. நாற்பது நிமிடம் நின்றேன். வந்தவர்கள் எல்லாம் வெயிலுக்குப் பயந்து நிழலோரமாகவே போனார்கள். கடைசியில் ஒருவர் சரியாக அந்த வெயிலில் நின்று, குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். அவர் முதுகின் சாய்வும் கைப்பிடியின் சாய்வும் அச்சு அசலாக ஒன்று. அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? முன்பு எடுத்த படங்களைத் திரையில் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து அழுத்தியபோது அவரும் நிமிர்ந்துவிட்டார். காத்திருக்கும்போது எடுத்ததைப் பார்க்காதீர்கள்.

யாராவது தன்னை எடுக்க வேண்டாம் என்று சொன்னால், அழித்துவிட்டு அடுத்த ஆளுக்குக் காத்திருங்கள். கோடு அங்கேயேதான் இருக்கப்போகிறது.

படி 6: தலையில் முளைக்கும் கம்பம்

வேண்டாத கோடும் கோடுதான், அதுவும் கண்ணை இழுக்கும். தலையிலிருந்து முளைக்கும் விளக்குக் கம்பத்துக்கு மருந்து, பக்கவாட்டில் அரை எட்டு. கழுத்தை அறுப்பதுபோலப் பின்னால் ஓடும் கம்பி வேலிக்குப் பக்கவாட்டில் நகர்ந்து பயனில்லை. முட்டியை மடக்கிக் கேமராவை இறக்குங்கள். பக்கத்தில் இருப்பவர் பின்னணியைவிட மேலே எழும்புவார், வேலி அவர் மார்புக்கோ இடுப்புக்கோ இறங்கிவிடும். ஃபிரேம் விளிம்பில் எட்டிப் பார்க்கும் அரைக் கம்பியை அழுத்துவதற்கு முன்பே வெளியே தள்ளிவிடுங்கள். நான்கு விளிம்பையும் ஒரு சுற்றுப் பார்க்க இரண்டு நொடி ஆகும்.

படி 7: நிழல் எனும் நகரும் கோடு

கோடு ஓடாது என்று சொன்னேன். நிழல் மட்டும் மெதுவாக ஓடும். சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருக்கும்போது ஆளின் நிழல் அவர் உயரமே இருக்கும். 30 டிகிரிக்கு இறங்கினால் சுமார் 1.7 மடங்கு, 15 டிகிரியில் ஏறக்குறைய 3.7 மடங்கு. அதனால்தான் காலையிலும் மாலையிலும் தெருவே கோடு போட்ட நோட்டுபோல இருக்கிறது. சூரியன் இறங்க இறங்க நிழல் நீளும் வேகமும் கூடும், மாலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஃபிரேமைத் திருத்த வேண்டியிருக்கும்.

நிழல் படம் என்றதும் ஹாங்காங்கில் புகைப்படக் கலைஞர் ஃபான் ஹோ 1954இல் எடுத்த படத்தைக் காட்டுவார்கள். பெரிய வெள்ளைச் சுவர், அடியில் சாய்ந்து நிற்கும் பெண், அவரை நோக்கி இறங்கும் முக்கோண நிழல். அந்த நிழல், ஃபிலிமிலிருந்து படம் அச்சிடும் இருட்டறையில் சேர்க்கப்பட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அப்படியொரு நிழல் தெருவில் கிடைக்கவில்லையே என்று நொந்துபோகிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

படி 8: வீட்டில்

படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ஆளும் கதையும் மறைந்து, கோடு மட்டும் தெரியும். அப்புறம் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் கோடு தெரிந்தால் படம் தேறும். லேசான சாய்வைத் திருத்தலாம். ஆனால் கோடு ஃபிரேமுக்குள் வராமல் போனதை வெட்டிச் சரிசெய்ய முடியாது. அதற்குத் திரும்பத் தெருவுக்குத்தான் போக வேண்டும்.

பயிற்சி ஒன்று. ஒரே ஒரு கைப்பிடியைத் தேர்ந்தெடுத்து, ஆளே இல்லாமல் பத்துப் படம் எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஓர் எட்டு தூரமாவது நகர்ந்து. அவற்றில் எது நன்றாக இருக்கிறதோ, அந்த இடத்துக்குத் திரும்பிப்போய் இருபது பேர் கடக்கும் வரை நில்லுங்கள். மறுநாள் காலைக்குப் பதில் மாலையில் அதே இடத்துக்குப் போங்கள். கைப்பிடியின் நிழல் மறுபக்கம் விழுந்திருக்கும், மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.