சிங்கப்பூரின் ஆண்டிறுதி மழைக்காலத்தை இனிதாகக் கழிப்பது எப்படி?

நிலநடுக்கோட்டுக்குச் சற்றே வடக்கே கிடக்கும் சிங்கப்பூரில், மரங்களெல்லாம் ஒரே சமயத்தில் பழுத்து உதிரும் பருவம் இல்லை. ஆனாலும் செப்டம்பர் தொடங்கி ஜனவரி வரையிலான மாதங்களுக்கு இங்கே தனி முகம் உண்டு. வடக்கே குளிர் தலைகாட்டியதும் புறப்பட்ட பறவைகள் நம் சதுப்பு நிலங்களில் வந்து இறங்குகின்றன. சீனர்களின் நிலா விழாவும், நம் தீபாவளியும், திருக்கார்த்திகையும் அடுத்தடுத்து வருகின்றன. ஆண்டு முடியும் வேளையில் மழை பிடித்துக்கொண்டால், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வையைத் தேடும் நாள்களும் வாய்க்கின்றன. இந்தப் பருவத்தைக் கடைத்தொகுதிகளுக்குள் கழித்துவிடுவது பெரிய இழப்பு என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

எதைச் செய்வதானாலும் முதலில் மழையின் போக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலிலோ முன்மாலையிலோ வரும் என்பதால், வெளியே செல்லும் வேலைகளைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது. டிசம்பரிலும் ஜனவரி முற்பகுதியிலும் நிலைமை வேறு: வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கும்போது இரண்டு மூன்று நாள்கள் தொடர்ந்து பெய்யும், வெப்பநிலை 22, 23 டிகிரி வரை இறங்கும். அந்த நாள்களை வீட்டுக்கென்றே ஒதுக்கிவிடலாம். புறப்படுமுன் வானிலை ஆய்வகத்தின் மழை ரேடார் படத்தையும் அடுத்த இரண்டு மணி நேரத்துக்கான முன்னுரைப்பையும் பார்ப்பது, குடை எடுத்துக்கொள்வதைக் காட்டிலும் பயன்தரும். இடிச் சத்தம் கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

இந்தப் பருவத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் சுங்கை பூலோ சதுப்புநில வனப்பகுதிக்குப் போங்கள். 1986-ஆம் ஆண்டில் பறவை ஆர்வலர்கள் சிலர் கண்டறிந்து, காக்கப்பட வேண்டும் என்று எடுத்துரைத்த இந்த இடம் 1993-இல் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002-இல் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. சைபீரியா போன்ற வடநிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன்பே தெற்கு நோக்கிப் பறக்கும் கரையோரப் பறவைகள் செப்டம்பர் முதல் மார்ச் வரை இங்கே தங்குகின்றன, இளைப்பாறுகின்றன, சில இன்னும் தெற்கே ஆஸ்திரேலியா வரை போகின்றன. வடக்கின் இலையுதிர்காலம் நம் ஊருக்கு வந்து சேரும் வழி இதுதான் என்று பிள்ளைகளிடம் சொன்னால், பூகோளப் பாடம் அவர்களுக்கு உடனே பிடிபடும்.

பலர் அங்கே போய்ப் பறவையே காணோம் என்று திரும்புவதற்குக் காரணம் நேரத்தைப் பார்க்காமல் போவதுதான். கடல்நீர் வடிந்திருக்கும்போது பறவைகள் வெளியே சேற்றுப் பரப்பில் வெகுதொலைவில் சிதறி இரை தேடிக்கொண்டிருக்கும். நீர் ஏறி அந்தச் சேறு மூழ்கியதும், அவை வனப்பகுதிக்குள் இருக்கும் குளங்களின் ஆழமற்ற நீருக்கும் மேடுகளுக்கும் கூட்டமாக வந்து ஒதுங்கும். ஆகவே இணையத்தில் கிடைக்கும் கடலேற்ற அட்டவணையைப் பார்த்து, காலையிலேயே நீர் உயரும் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் உட்கார வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் மிகுதியாக இருப்பதால் அந்த நாள்கள் இன்னும் சிறந்தவை. கிராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து 925-ஆம் எண் பேருந்து அந்தப் பக்கம் செல்கிறது. இறங்குமிடம் கிழமையைப் பொறுத்து மாறக்கூடும் என்பதால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

குளக்கரையில் கூரை வேய்ந்த மறைவிடங்கள் இருப்பதால் தூறல் விழுந்தாலும் அசையாமல் அமர்ந்திருக்கலாம். தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. எடுத்த எடுப்பில் எல்லாப் பறவைகளின் பெயரையும் தெரிந்துகொள்ள முயல வேண்டாம்; காலையும் அலகையும் மட்டும் பாருங்கள். சிவந்த கால்களோடு நீரில் நடப்பது பவளக்காலி, வெளிறிய பச்சைக் கால்களோடு சற்றுப் பெரிதாக இருப்பது பச்சைக்காலி, குட்டை அலகோடு ஓடி நின்று, ஓடி நின்று கொத்துவது உப்புக்கொத்தி. இந்த மூன்றையும் பிரித்தறிந்த பிள்ளை அடுத்த முறை தானாகவே போகலாம் என்று கேட்கும். முதலைகளும் பெரிய உடும்புகளும் வாழும் இடம் அது. பாதையை விட்டு இறங்கக்கூடாது, எதற்கும் தீனி போடக்கூடாது. கொசுத் தைலம் கட்டாயம் தேவை.

இலை பழுப்பதைப் பார்க்க விரும்புவோர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் சாங்கி, பாசிர் ரிஸ் கடற்கரைகளிலும் கெத்தாப்பாங் மரத்தைத் தேடலாம். நாம் நாட்டு வாதுமை என்று சொல்லும் மரம்தான் அது. அதன் அகன்ற இலைகள் உதிருமுன் செம்மையும் செம்மஞ்சளுமாக மாறும். எந்த மாதம் என்று சொல்வதற்கில்லை, பக்கத்து மரம் பச்சையாக நிற்க ஒரு மரம் மட்டும் சிவந்திருப்பதும் உண்டு. பூங்காவிலிருந்து இலைகளை எடுத்து வருவதைவிட, மெல்லிய வெள்ளைத் தாளையும் மெழுகு வண்ணக்குச்சிகளையும் கொண்டுபோய், தரையில் கிடக்கும் இலையை நரம்பு மேல்நோக்கி இருக்கும்படி தாளுக்கு அடியில் வைத்து, குச்சியைப் படுக்கவாட்டில் பிடித்து மெதுவாகத் தேய்க்கச் சொல்லுங்கள். நடு நரம்பும் கிளை நரம்புகளும் ஒவ்வொன்றாகத் தாளில் எழுந்து வரும். பிறகு இலையை இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

சீன நாட்காட்டியின் எட்டாம் மாதப் பௌர்ணமியன்று நிலா விழா எனப்படும் நடு இலையுதிர்காலத் திருவிழா வருகிறது. சைனாடவுனின் அலங்கார விளக்குகளைப் பார்ப்பது ஒருபுறம் இருக்கட்டும். நம் அடுக்குமாடி புளோக் அருகிலுள்ள பூங்காவில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு காகித விளக்கு ஏந்தி நடப்பதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பாட்டுப் பாடும் மின்கல விளக்குகளைக் காட்டிலும், மடித்து விரியும் காகித விளக்கே அழகு. அதனுள் மெழுகுவத்தியைப் பெரியவர்தான் ஏற்றித் தர வேண்டும். காற்று அடித்தால் விளக்கை உடலுக்கு அருகே இழுக்காமல் கோலை நீட்டிப் பிடிக்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். தரையில் மெழுகை உருக்கிக் கொளுத்தி விளையாட விடக்கூடாது. இந்த விழாவுக்கென்றே செய்யப்படும் மூன்கேக் திகட்டும் இனிப்பு என்பதால், ஒன்றை எட்டுத் துண்டுகளாக நறுக்கி, சர்க்கரை சேர்க்காத சீனத் தேநீரோடு பரிமாறுங்கள். மரபான வகைகளில் பன்றிக் கொழுப்பும் உப்பிட்ட முட்டை மஞ்சட்கருவும் இருக்கக்கூடும். சைவர்களும் ஹலால் பார்ப்பவர்களும் கடையில் கேட்டு வாங்குவது அவசியம்.

தீபாவளி ஒளியூட்டைப் பற்றி நம்மவர்க்கு நான் சொல்ல அதிகமில்லை. லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைக்கு வாரநாள் மாலையில் போனால் வயதானவர்களும் நிதானமாக நடக்க முடியும். திருக்கார்த்திகைக்கான அகல் விளக்குகளையும் அப்போதே வாங்கி வைத்துவிடலாம்.

நாள்கணக்கில் மழை பெய்யும் டிசம்பருக்குச் சுக்குமல்லிக் காப்பியைவிடப் பொருத்தமான பானம் இல்லை. பொடியை முன்பே செய்து வைத்துக்கொள்ளுங்கள். சுக்குக்குத் தோல் நஞ்சு என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆகவே 25 கிராம் சுக்கை மேல்தோல் சுரண்டித் தட்டிக்கொள்ள வேண்டும். அரை கப் தனியாவை மணம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, அதே சூட்டில் ஒரு மேசைக்கரண்டி மிளகையும் ஐந்தாறு ஏலக்காயையும் புரட்டி, எல்லாம் நன்றாக ஆறிய பிறகு சுக்கோடு சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்கவும். இங்குள்ள ஈரக்காற்றில் பொடி விரைவில் கட்டிதட்டிவிடும். காற்றுப் புகாத புட்டியில் அடைத்து, உலர்ந்த கரண்டியால் மட்டுமே எடுக்க வேண்டும். கருப்பட்டியில் மண் இருக்கும் என்பதால் அதைத் தனியே நீரில் கரைத்து வடிகட்டுங்கள். ஒருவருக்கு ஒன்றரை கப் நீரும் ஒரு தேக்கரண்டிப் பொடியும் போதும். நீர் ஒரு கப்பாகச் சுண்டும்வரை சிறு தீயில் கொதிக்கவிட்டு, கருப்பட்டி நீரைச் சேர்த்து இறக்கி வடிகட்டவும். பால் வேண்டுவோர் தனியே காய்ச்சி, பரிமாறும்போது கலந்துகொள்ளட்டும். கருப்பட்டியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் பால் திரிந்துபோகலாம்.

ஈரச்சந்தையில் வாங்கிய மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்து, உப்பிட்டு நன்றாக வேகவைத்து, தேங்காய்த்துருவலோடு தட்டில் வைத்துவிட்டால் அன்றைய மாலைக்குப் பலகாரமும் ஆயிற்று. கைப்பேசிகளை ஓரமாக வைத்துவிட்டு, நூலகத்திலிருந்து எடுத்து வந்த தமிழ்க் கதைப் புத்தகத்தை ஒருவர் வாய்விட்டு வாசிக்க மற்றவர்கள் கேட்பது அந்த வேளைக்கு மிகவும் ஏற்றது. அரைமணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம்; மிச்சத்தை மறுநாளைக்கு வைத்தால்தான் பிள்ளைகள் திரும்ப வந்து உட்காருவார்கள்.

கார்த்திகை மாதப் பௌர்ணமியை ஒட்டி வரும் தீபத் திருநாளில் வீட்டு வாசலில் அகல் ஏற்றுவோர், புதிய மண் அகல்களை முதல் நாளே சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் மண் எண்ணெயை உறிஞ்சித் தரையெங்கும் கசியும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் நடப்பதற்கு 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. ஆகவே விளக்குகளைச் சுவரோரமாக, காலணி அலமாரியும் திரைச்சீலையும் இல்லாத பக்கத்தில் தட்டின்மேல் வரிசையாக வையுங்கள். சாரல் உள்ளே அடித்தால் கதவுக்கு உட்புறம் வைப்பதில் தவறில்லை. விளக்குகள் எரியும்வரை பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்கட்டும். அணைந்த பின் தரையில் சிந்திய எண்ணெயைச் சோப்பு நீரால் துடைத்துவிடுங்கள். மறுநாள் காலை நனைந்த செருப்போடு அந்த வழியாக வருபவர் வழுக்கி விழக்கூடும்.