பழைய இலச்சினையின் எழுத்தை இனங்கண்டு மீள வரையும் முறை

வன்னியில் பல சனசமூக நிலையங்களிடமும் விளையாட்டுக் கழகங்களிடமும் 2009 இற்கு முந்தைய இலச்சினையின் மூலப்பிரதி இல்லை. இடப்பெயர்வில் தப்பிய ஒரு பற்றுச்சீட்டிலோ றப்பர் முத்திரைப் பதிவிலோதான் அது எஞ்சியிருக்கிறது. புதிய பதாகைக்குக் கைக்கெட்டிய எழுத்துருவில் பெயரைப் போட்டுவிடாமல், அந்தப் பழைய எழுத்தையே மீட்டெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் தாளை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கான் செய்யுங்கள். கைபேசியில் எடுப்பதானால் தாளுக்கு நேர்மேலே பிடியுங்கள். சரித்துப் பிடித்தால் வட்டமான சுழிகள் நசுங்கித் தெரியும்.

அடுத்து, அது எழுத்துருவா கைவரைவா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். முழு வேலையும் இதில்தான் தங்கியிருப்பதால் இங்கே அவசரம் கூடாது. பெயரில் இருமுறை வரும் எழுத்தொன்றைத் தேடுங்கள். ‘புதுக்குடியிருப்பு’ என்றால் முதலிலும் முடிவிலும் ‘பு’ வருகிறது. ஒன்றைப் பிரதியெடுத்து மற்றதன்மேல் வையுங்கள். மை பரவியதால் ஓரங்கள் சற்று வேறுபட்டாலும், எழுத்தின் வளைவும் கீழிறங்கும் கோட்டின் நீளமும் அப்படியே பொருந்தினால் அது அச்செழுத்து. அந்தக் கோடு ஒன்றில் நீண்டும் மற்றதில் குறுகியும் இருந்தால் ஓவியர் கையால் எழுதியது.

அச்செழுத்தென்றால் பாமினியை முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். இலங்கையில் கணினி அச்சில் நெடுங்காலம் பரவலாக இருந்த எழுத்துரு அது. அது யூனிக்கோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) அன்று, ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தது என்பதால், ‘தமிழ்’ என்று வர ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி ஆகிய விசைகளை வரிசையாக அழுத்த வேண்டும். பொருந்தாவிட்டால் கட்டமரான், முக்த மலர், ஹிந்த் மதுரை போன்ற இலவச எழுத்துருக்களில் நெருங்கியதைத் தேர்ந்து திருத்தலாம். மெய்யின் புள்ளி வட்டமா சதுரமா, ‘ழ’வின் கீழ்க்கோடு எங்கே முடிகிறது என்பவற்றைக் கவனித்தால் தேர்வு எளிதாகும்.

கைவரைவென்றால் எழுத்துருவைத் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் படத்தை அடியடுக்கில் மங்கலாக வைத்துப் பூட்டி, பேனாக் கருவியால் ஒவ்வொரு எழுத்தின் நடுக்கோட்டையும் வரைந்து, பின்னர் கோட்டின் தடிப்பைக் கூட்டுங்கள். வளைவின் உச்சி, அடி, இடம், வலம் ஆகிய எல்லைகளில் மட்டும் கணுக்களை (கோட்டின் வளைவைத் தீர்மானிக்கும் புள்ளிகளை) இட்டால் கோடு நெளியாது. முதல் ‘பு’வைப் பிரதியெடுத்து இறுதியில் ஒட்டாமல் இரண்டையும் தனித்தனியே வரையுங்கள்; அந்த வேறுபாடே எழுதியவரின் கையெழுத்து.

அச்சகத்துக்குக் கொடுக்குமுன் எழுத்துக்கள் முழுவதையும் பாதைகளாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வரைவுகளாக, மாற்றிவிடுங்கள். அவர்களுடைய கணினியில் பாமினி இல்லாவிட்டால், ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே அச்சாகும்.