கடல் சிலந்திக்குப் பெயர் சூட்டும் முன்

1835ஆம் ஆண்டு ஜேம்ஸ் எய்ட்ஸ் என்ற அமெரிக்கர், அண்டார்டிகாவை அடுத்த தெற்கு ஷெட்லாந்துத் தீவுகளில் கிடைத்த கடல் சிலந்தி (நிலச் சிலந்தியைப் போலத் தோன்றும், நீண்ட கால்களுடைய கடல்வாழ் கணுக்காலி) ஒன்றை விவரித்து, டெக்கோலோபோடா ஆஸ்ட்ராலிஸ் என்று பெயரிட்டார். அதற்குப் பத்துக் கால். கடல் சிலந்திக்கு எட்டுக் கால்தான் என்று எல்லார் மனத்திலும் பதிந்திருந்ததால், அவர் எழுதியது ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அண்டார்டிகா சென்றவர்கள் அதே உயிரியை மறுபடி கொண்டுவந்த பிறகே, எய்ட்ஸ் சரியாக எண்ணியிருக்கிறார் என்பது உறுதியானது. பன்னிரண்டு கால் உள்ள இனமும் பின்னர் கிடைத்தது.

அதற்காகக் கால் எண்ணிக்கையை மட்டும் நம்பிவிடவும் கூடாது. கடல் சிலந்திக்கு அறுந்த கால் மீண்டும் முளைக்கும். ஒரு கால் மட்டும் குட்டையாக இருந்தால் அது வளர்ந்துகொண்டிருக்கும் கால். இன அடையாளம் அல்ல. கடைசி இணை வெறும் மொட்டாக நின்றால், கையில் இருப்பது வளர்ந்து முடியாத இளம் உயிரி.

என் பார்வையில் பெரிய தவறுகள் நடப்பது இந்த இடத்தில்தான்: வயதையும், ஆணா பெண்ணா என்ற பாலினத்தையும் பார்க்காமல் இனத்தைத் தேடுவது. அகேலியா, அம்மோதியா போன்ற பேரினங்களில் (நெருங்கிய இனங்களின் தொகுதிகளில்) இளம் உயிரியின் வாயருகே விரல்களோடு கூடிய இடுக்கிகள் இருக்கும். முதிர்ந்ததும் அவை தேய்ந்து கட்டையாகிவிடும். ‘இடுக்கிக்கு விரல் உண்டா?’ என்று கேட்கும் அடையாளப் பட்டியலில் இளம் உயிரியைக் கொண்டு நுழைந்தால், வேறு பேரினத்தில் போய் நிற்போம். இளம் உயிரிக்குத் தனிப்பெயர் சூட்டிப் பின்னர் அந்தப் பெயர் செல்லாமல்போனதும் உண்டு. காலின் இரண்டாம் கணுவில் இனப்பெருக்கத் துளை திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது பாலினம். முட்டைகளைச் சுமப்பது தந்தை. அதற்கென்றே தலைப்பகுதியின் அடியில் மெல்லிய முட்டைதாங்கிக் கால்கள் இருக்கும். நிம்ஃபோன் பேரினத்தில் அவை இரு பாலுக்கும் உண்டு. அனோப்லோடாக்டைலஸில் ஆணுக்கு மட்டுமே. ஆகவே அந்தப் பேரினத்தின் பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு ‘முட்டைதாங்கிக் கால்கள் இல்லாத இனம்’ என்று எழுதினால் விவரிப்பே பிழை. ஆணின் தொடைக்கணுவில் முட்டைகளை ஒட்டவைக்கும் பசைச் சுரப்பி திறக்கும் துளை எத்தனை, எங்கே, குழல்போல நீண்டிருக்கிறதா என்பவை இனத்தைப் பிரிக்கும் முக்கியமான அடையாளங்கள். ஒரே ஒரு பெண் மட்டும் கிடைத்திருந்தால், பேரினத்தோடு நிறுத்திக்கொண்டு ஆணுக்காகக் காத்திருப்பதே நேர்மை.

உடலில் பாசியும் சேறும் ஒட்டியிருக்கும். மெல்லிய தூரிகையால் துடைக்காமல் நுண்ணோக்கியில் வைத்தால் அந்தத் துளையும் நுண்முட்களும் கண்ணில் படாது. இன்னொன்று, கடல் சிலந்தியின் குடல் கால்களுக்குள்ளும் கிளைத்து ஓடுகிறது. ஒளி ஊடுருவும் சிறிய உயிரிகளில் அது பட்டைபோலத் தெரியும். காலின் நிறக்கோலம் என்று எழுதிவிடாதீர்கள்.

‘நீளம் இவ்வளவு’ என்று மொட்டையாக எழுதுவதால் பயனில்லை. கொலோசெண்டைஸ் என்ற பேரினத்தின் பெரிய உயிரி கால்களை விரித்தால் 70 செ.மீ. வரை எட்டும், உடலோ சில செ.மீ. மட்டுமே. தலையின் முன்விளிம்பிலிருந்து நான்காம் பக்கநீட்சியின் (கால் பொருந்தும் உடல் நீட்சியின்) நுனிவரை அளந்தேன் என்று அளவையும் முறையையும் சேர்த்தே எழுத வேண்டும். பக்கவாட்டுப் படமும் கட்டாயம் தேவை. கண்கள் அமைந்த மேடு எவ்வளவு உயரம், வயிற்றுப்பகுதி மேல்நோக்குகிறதா, படுத்திருக்கிறதா என்பதெல்லாம் மேலிருந்து பார்த்தால் தெரியாது.

கொலோசெண்டைஸ் மெகாலோனிக்ஸ் என்ற ஒரே பெயரில் வழங்கிவந்த உயிரிகளுக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பதை டிஎன்ஏ ஆய்வு காட்டியது. எனவே மாதிரி முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடக் கூடாது. அது டிஎன்ஏவைச் சிதைக்கும். ஒரு காலையாவது முன்கூட்டியே 95 விழுக்காடு எத்தனாலில் எடுத்து வையுங்கள். எத்தனாலில் நிறம் போய்விடும் என்பதால், உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள். எந்த ஹைட்ராய்டின்மேல் (செடிபோலக் கிளைத்து ஒட்டி வாழும் கடல் உயிரியின்மேல்) அல்லது எந்தக் கடல் சாமந்தியின்மேல் இருந்தது, எவ்வளவு ஆழத்தில் என்பதைப் பென்சிலால் எழுதி அதே குப்பிக்குள் போடுங்கள்.